ஆயிரத்து இருநூறா, ஆயிரத்து எழுநூறா

அரிகிருஷ்ணனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் சாம்பசிவன் பத்துக் காரணம் சொல்வார். வேனைக் கொண்டுவந்து அடுத்தவர் வாசலில் குறுக்கே நிறுத்துகிறான், முன்பின் தெரியாதவர் தோளிலும் கையைப் போடுகிறான், வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிறது. எல்லாம் சாக்கு. அவனுடைய ரிமோட் டிரக் தன்னுடையதைவிட உசத்தி, அதை அவன் யோசிக்காமல் ஒரே நாளில் வாங்கிவிட்டான் என்பதுதான் உண்மையான வயிற்றெரிச்சல். இரண்டு பேருக்கும் வயது நாற்பத்தைந்துதான். ஆனாலும் சாம்பசிவனின் மனதுக்குள் அவன் எப்போதும் ‘அவன்’தான்.

இது தொண்ணூற்று நான்காம் வருஷத்துச் சங்கதி. குரோம்பேட்டையில் அவர்கள் காலனியின் நடுவில் ஷட்டில் ஆடுவதற்கென்று போட்ட சிமெண்டுத் தரை ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் அங்கே ஐந்தாறு பெரிய மனிதர்கள், தொந்தியும் மூக்குக் கண்ணாடியுமாக, ஏரியல் நீட்டிய ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரை அடி நீள டிரக்குகளை விரட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் சாம்பசிவன் அவரோடு ஒரு வாரம் பேசமாட்டார்.

அவருடைய பச்சை டிரக் கடையில் முழுசாக வாங்கியதில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் சிங்கப்பூர் போய்வரும்போதெல்லாம் கொண்டுவந்த உதிரிப் பாகங்களைப் பதினொரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடுக்கி, தானே பெயிண்ட் அடித்துச் செய்தது. கிண்டியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுவது அவர் உத்தியோகம். அவர் கணக்குப் போட்ட கட்டடங்கள் நங்கநல்லூரிலிருந்து செங்கல்பட்டு வரை நிற்கின்றன. ஒன்றிலாவது ஒரு செங்கல்லை அவர் கையால் தொட்டதில்லை. தன் கையால் செய்தது என்று உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

இந்த வண்டிகளின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. ஆறு செல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு அது. மேலே ஓர் எண் இருக்கும்: ஆயிரத்து இருநூறு அல்லது ஆயிரத்து எழுநூறு. தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். எண் பெரிதானால் கொள்ளளவு பெரிது, வண்டி கூடுதல் நேரம் ஓடும். ஆனால் பெரிய கட்டு கனம். கனம் ஏறினால் வேகம் குறையும். எதைப் போடுவது என்ற கேள்வி வந்தால் காலனியில் எல்லோரும் சாம்பசிவனைத்தான் பார்ப்பார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுப்பார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வார், இரண்டு வரி எழுதுவார், தீர்ப்புச் சொல்வார். அந்த இரண்டு நிமிஷத்துக்காக அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அரிகிருஷ்ணன் கீழ்க்கட்டளைக்காரன். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தான். யாரோ சொல்லி இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு, ஒரு பெரிய சிவப்பு டிரக்கோடு வந்து சேர்ந்தான். மூன்றாவது வாரம் புதிதாக ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து, உண்மையான மரியாதையோடுதான் சாம்பசிவன் முன்னால் நீட்டினான்.

“சார், இது ஆயிரத்து எழுநூறு. என் வண்டிக்கு இத்த போடலாமா?”

சாம்பசிவன் அந்தப் பேட்டரியைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினார். நோட்டை எடுக்கவில்லை.

“பெரிசா இருந்தா நல்லதுன்னு யார் சொன்னா உங்களுக்கு? நெல்லு மூட்டை ஏத்தறதுக்கு இது மாட்டு வண்டி இல்ல அரிகிருஷ்ணன்.”

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். காலனிச் செயலாளர் யக்ஞநாராயணன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அரிகிருஷ்ணன் பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு சாம்பசிவனுக்கு மத்தியானச் சாப்பாடு ரொம்பவும் ருசியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் திரும்பி வந்தான். இந்தத் தடவை மரியாதை எல்லாம் வீட்டிலேயே இருந்துவிட்டது.

“நம்ம லேஅவுட்ல ஒரு ரேஸ் வச்சிக்கலாம் சார். பதினஞ்சு நிமிசம். நடுவுல பேட்டரி மாத்தக்கூடாது, வண்டிய கையால தொடக்கூடாது. எவன் வண்டி அதிகமா சுத்துதோ அவன் ஜெயிச்சான். தோத்தவன் வண்டிய வுட்டுட்டுப் போவணும். இன்னா சொல்ற?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதைச் சாம்பசிவன் கவனித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பச்சை வண்டி இன்றைக்கும் அவர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். ஆனால் அந்த வாய் அவருக்கு அமையவில்லை.

“வச்சிக்கலாம்,” என்றார்.

“வர ஞாயித்துக்கெழம, காலைல எட்டு மணி. அதுக்கு முன்னாடி ஒரு நாளு வந்து ஓட்டிப் பாத்துக்க சார். மண்ணு வேற மாரி கீது. கேட்டு தொறந்துதான் கெடக்கும், யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க.”

“தேவையில்ல,” என்றார் சாம்பசிவன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி லோகநாயகி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவள் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினொரு மாதம் சாப்பாட்டு மேஜையைத் திருகாணிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

“வண்டியவே பந்தயம் வச்சீங்களா?”

“தோத்தாத்தானே குடுக்கணும்?”

“சரி, அவர்தான் வந்து ஓட்டிப் பாக்கச் சொல்றாரே. சனிக்கிழமை போய் ஒரு தடவை ஓட்டிட்டு வாங்களேன். என்ன குறைஞ்சுபோச்சு?”

“அவன் கேட்டைத் திறந்து விடுவான், நான் தலையைக் குனிஞ்சுகிட்டு உள்ள போகணுமா? எனக்குக் கணக்குத் தெரியும்.”

“கணக்கு எனக்கும் தெரியும்,” என்று சொல்லிவிட்டு லோகநாயகி மறுபடி தாளை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் சாம்பசிவன் மொட்டை மாடிக்கு ஏறினார். நாலு மூலையிலும் பூந்தொட்டி வைத்து வண்டியைச் சுற்றவிட்டார். சின்னப் பேட்டரி பதினெட்டு நிமிஷம் தாங்கியது. பெரிய பேட்டரி இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டியது. ஆனால் பெரியது போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அரை நொடி போல வண்டி பிந்தியது. பதினைந்து நிமிஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு மேல் நஷ்டம். பந்தயமே பதினைந்து நிமிஷம்தான் என்னும்போது இருபத்தைந்து நிமிஷத்துக்குத் தண்ணீரை எதற்குச் சுமப்பது?

மண்ணில் ஓடினால் கூடுதலாக இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எஸ்டிமேட்டில் எது தெரியவில்லையோ அதற்குப் பத்து சதவீதம் போட்டுவிடுவது அவருடைய ஆபீஸ் வழக்கம். அஸ்திவாரம் தோண்டினால் பாறை வருமா, ஊற்று வருமா, யாருக்குத் தெரியும்? பத்து சதவீதம். சிமெண்டு விலை ஏறுமா? பத்து சதவீதம். இருபத்திரண்டு வருஷமாக அவர் நேரில் போய்ப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் அந்தப் பத்து சதவீதம்தான் அவருக்குப் பதிலாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பதினெட்டில் பத்து சதவீதம் கழித்தார். பதினாறு நிமிஷத்துக்கு மேல் வந்தது. பதினைந்துக்கு இது தாராளம். நோட்டில் ‘1200’ என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் பேட்டரிகள் இரண்டையும் சார்ஜ் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பெரியது எதற்கு என்று லோகநாயகி கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும் என்றார். அவள் கூட வரவில்லை. யக்ஞநாராயணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் வண்டிப் பெட்டியை அணைத்துக்கொண்டு போனார்.

லேஅவுட் என்பது வேறொன்றுமில்லை, பழைய நெல் வயல்தான். வரப்புகளை வெட்டிச் சமன் செய்து, மனைக்கு மனை எண் எழுதின கல் நட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பெய்த கோடை மழையில் மண் நனைந்து, மேலே காய்ந்தும் உள்ளே பிசுபிசுப்பாகவும் இருந்தது. பத்து மனைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு கொட்டி வழி போட்டிருந்தான் அரிகிருஷ்ணன். காலனிக்காரர்கள் நாலு பேர், கீழ்க்கட்டளை ஆட்கள் ஏழெட்டுப் பேர். கணக்கெடுக்க இந்தப் பக்கம் யக்ஞநாராயணன், அந்தப் பக்கம் அரிகிருஷ்ணனின் மச்சான் கேசவன்.

சாம்பசிவன் வண்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுப் பையைத் திறந்தார். செருப்பில் ஒட்டிய மண் கனமாக இருந்தது. ஒரு கணம் அவர் கை பெரிய பேட்டரியின் மேல் போனது. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் அந்த ஒரு கணத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரியதையே போட்டுவிடலாம் என்று கிட்டத்தட்ட எடுத்தும்விட்டார்.

அப்போது பார்த்துத் தலைக்கு மேல் அந்தக் குரல் கேட்டது.

“பெருசையே போடு சார். இந்த மண்ணு இழுக்கும். சின்னது தாங்காது.”

சாம்பசிவன் நிமிர்ந்து பார்த்தார். அரிகிருஷ்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் சாம்பசிவன் கண்ணுக்கு இருப்பதாகத்தான் பட்டது. ஓகோ, என்னையும் மூட்டை தூக்க வைக்கப் பார்க்கிறாயா? அந்த ஒரு சுற்று ஆதாயத்தைப் பிடுங்கிக்கொள்ளவா இந்தப் பரிவு? வந்த சந்தேகம் வந்த வழியே போய்விட்டது.

“உங்க வேலையப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பெரியதைப் பையில் திருப்பிப் போட்டு, ஆயிரத்து இருநூறை வண்டியில் பொருத்தினார்.

“உன் இஸ்டம்,” என்றான் அரிகிருஷ்ணன்.

யக்ஞநாராயணன் கடிகாரத்தைப் பார்த்துக் கையை இறக்கினார். இரண்டு வண்டிகளும் பாய்ந்தன.

முதல் ஐந்து நிமிஷம் சாம்பசிவனின் வாழ்க்கையிலேயே சிறந்த ஐந்து நிமிஷம். பச்சை வண்டி மண்ணை வாரியடித்துக்கொண்டு பறந்தது. வளைவில் அவர் கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைப்பார், வண்டி வாலை வீசித் திரும்பும், உடனே முடுக்குவார். ஆயிரத்து எழுநூறு போட்ட சிவப்பு வண்டி கனத்த உடம்போடு பின்னாலேயே உருண்டு வந்தது. ஏழாவது நிமிஷத்தில் பச்சை ஒரு சுற்று முழுசாக முன்னேறிச் சிவப்பை ஓரங்கட்டிக் கடந்தது. காலனிக்காரர்கள் கை தட்டினார்கள்.

“மாட்டு வண்டி எப்படி போகுது பாருங்க!” என்று சாம்பசிவன் உரக்கச் சொன்னார். சொன்னபோது அவருக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. அரிகிருஷ்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தாவது நிமிஷத்தில் யக்ஞநாராயணன், “பச்சை இருபத்தெட்டு, சிவப்பு இருபத்தாறு,” என்று கூவினார்.

அதற்கு அடுத்த சுற்றில்தான் மோட்டாரின் சத்தம் மாறியது. அது அவருக்கு மட்டும் கேட்டது. பதினொரு மாதம் அந்த வண்டியோடு உட்கார்ந்தவருக்குக் கேட்காமல் இருக்குமா? கீச்சென்று இருந்த சத்தம் முனகலானது. நேர்வழியில் வேகம் விழுந்தது. அவர் லீவரை முழுக்கத் தள்ளினார். ஏரியலை இன்னும் கொஞ்சம் நீட்டினார், ஏதோ அதில் கோளாறு இருப்பதுபோல. முப்பத்தொன்றாவது சுற்றைப் பச்சை வண்டி நடைவேகத்தில் முடித்தது. பிறகு எட்டடி போய், மனை எண் பதினான்கு என்று எழுதின கல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

கையால் தொடக்கூடாது. சாம்பசிவன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து நிமிஷம் ஆக இன்னும் மூன்றரை நிமிஷம் பாக்கி இருந்தது. அந்த மூன்றரை நிமிஷமும் சிவப்பு வண்டி சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு முறையும் நின்றுபோன வண்டியின் மேல் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. யாரையும் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிவப்பு முப்பத்தொம்பது,” என்றான் கேசவன். கீழ்க்கட்டளை ஆட்கள் விசில் அடித்தார்கள்.

அரிகிருஷ்ணன் சந்தோஷப்படுவான், குதிப்பான், தன்னைக் கேலி செய்வான் என்று சாம்பசிவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவனோ நேராக அவரிடம் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“நான் சொன்னனா இல்லியா? பெருசு போடுன்னு சொன்னனா இல்லியா?”

சாம்பசிவன் ரிமோட்டின் ஏரியலை உள்ளே தள்ளினார்.

“எங்கப்பன் ஏரு ஓட்ன நெலம் சார் இது. மாடே முக்கும். அதனாலதான் முன்னாடியே வந்து ஓட்டிப் பாருன்னேன். வர்ல. இங்க வந்ததுக்கப்பறமும் வாயத் தொறந்து சொன்னேன். நான் பொய்யி சொல்றேன்னு நெனச்சிக்கினியா? நான் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கணுமா உனக்கு?”

“ஜெயிச்சாச்சு இல்ல? அப்புறம் என்ன பேச்சு?” என்றார் சாம்பசிவன்.

“இன்னாத்த ஜெயிச்சேன்? ஓட்ற வண்டிய ஜெயிக்கணும்னு வந்தேன். நடுவுல நின்னுபூட்ட வண்டிய ஜெயிச்சா அதுல இன்னா மருவாதி கீது எனக்கு? நாளைக்கு உன் ஆளுங்க இன்னா சொல்லுவாங்க? பேட்டரி பூடுச்சு, அதனால ஜெயிச்சான்னுவாங்க. ஒரு வாரமா தூங்காம இதுக்கா உக்காந்துகினு இருந்தேன்? பேஜார் புடிச்ச மனுசன்யா நீ.”

சாம்பசிவன் போய்ப் பச்சை வண்டியைச் சேற்றிலிருந்து தூக்கினார். கைக்குட்டையால் முன்பக்கத்தைத் துடைத்தார். துடைத்ததும் தான் அடித்த பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது, பார்க்க முடியவில்லை. கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். ரிமோட்டையும் கொடுத்தார். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அவன் முன்னால் அழுவதைவிடச் செத்துப்போகலாம் என்றும் இருந்தது. யக்ஞநாராயணன் பக்கத்தில் வந்து, “வாங்க சார், போகலாம்,” என்றார்.

“இரு சார், போவாத. அந்தப் பெரிய பேட்டரியக் குடு.”

“வண்டிதான் பந்தயம். பேட்டரி இல்ல.”

“பேட்டரிய நீயே எத்துகினு போ. இப்ப குடு. இந்த வண்டி நெசமாலும் எவ்ளோ ஓடும்னு நான் பாக்கணும். பாக்காம எனக்குத் தூக்கம் வராது.”

குடுக்கமாட்டேன் என்று சொல்லத்தான் சாம்பசிவன் வாயெடுத்தார். ஆனால் அவருக்கும் அது தெரியவேண்டியிருந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அரிகிருஷ்ணன் தானே பொருத்தினான்; மேல்மூடியைப் பூட்டும் ஊசி எங்கே என்று ஒரு முறை தடுமாறியபோது சாம்பசிவனின் விரல் தன்னையறியாமல் நீண்டு இடத்தைக் காட்டியது. மோட்டார் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள்.

“டைம் பாரு சார். அதே பதினஞ்சு நிமிசம்,” என்றான் யக்ஞநாராயணனிடம்.

பச்சை வண்டி கிளம்பியது. முன்னைப்போல் பறக்கவில்லை, ஒரு சுற்றுக்கு அரை நொடி, முக்கால் நொடி மெதுவாகத்தான் போனது. அவர் நோட்டில் போட்ட கணக்கு அந்த மட்டில் சரி. ஆனால் பத்தாவது நிமிஷம் தாண்டியது, சத்தம் மாறவில்லை. பன்னிரண்டாவது நிமிஷம் தாண்டியது. மனை எண் பதினான்கை அது பாட்டுக்குக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் முறைப்போடு, வியர்வை வழிய, தன் சொந்த வண்டியை ஓட்டியதைவிடக் கவனமாக ஓட்டினான். வளைவுகளில் அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் வேகத்தைக் குறைத்தான். நான் ஓட்டியிருந்தால் இன்னும் ஒரு சுற்று கூட வந்திருக்கும் என்று சாம்பசிவன் நினைத்தார்.

“முப்பத்தேழு,” என்றார் யக்ஞநாராயணன். பிறகு, “முப்பத்தெட்டு.” முப்பத்தொன்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கடிகாரத்தில் இன்னும் அரை நிமிஷத்துக்குமேல் இருந்தது. விசில் அடித்த ஆட்களும் வாயை மூடிக்கொண்டார்கள். வண்டி கடைசி வளைவைத் திரும்பிச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது எண்ணுகிறவர் எண்ணவில்லை. “நாப்பது,” என்று சொன்னது சாம்பசிவன்தான்.

அரிகிருஷ்ணன் வண்டியை நிறுத்தினான். அவன் முகம் செத்திருந்தது. பெரிய பேட்டரி போட்டிருந்தால் யார் தோற்றிருப்பான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று சாம்பசிவன் நம்பினார். கையைக்கூட நீட்டிவிட்டார்.

அரிகிருஷ்ணன் அந்தக் கையைப் பார்த்தான்.

“இன்னும் சார்ஜ் கீது சார்,” என்று சொல்லிவிட்டு லீவரைத் தள்ளினான். பச்சை வண்டி நாற்பத்தொன்றாவது சுற்றுக்குக் கிளம்பியது.